குஞ்சு சேர்க்கிற வீடு

அந்த வீட்டுக் கோழிகள் தீனி தின்னும்போது சத்தம் போடவில்லை.

அனுசுயா கோழிகளோடு வளர்ந்தவள். ஒரு கைப்பிடி கம்பை வீசினால் கோழிகள் என்ன கூத்தடிக்கும், எது எதை மிதிக்கும், எது எதன் வாயிலிருந்து பிடுங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே புதுக் கணவனின் அக்கா சின்னாத்தாள் சோளத்தைப் பின்வாசலில் கொட்டிவிட்டு விலகி நிற்க, பதினோரு கோழிகளும் மெல்ல வந்து நின்றன. ஒரு கருத்த பெட்டை மட்டும் குனிந்து ஒரு மணியைக் கொத்தியது. அது தலையை நிமிர்த்திய பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு அதற்கடுத்தது. அலகு சிமெண்டுத் தரையில் படுகிற டொக், டொக் என்ற ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. பின்கட்டில் நான்கு நிட்டிங் மெஷின்கள் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன; கோழிச் சத்தம் அதில் அமுங்கிப்போயிருக்கும் என்று அனுசுயா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வாழ வந்த முதல் நாளே கோழியைப் பற்றிக் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்.

அவள் முந்தானையைப் பிடித்தபடி மகள் ஆஷா நின்றாள். ஆறு வயது. காலடியில் பனியன் பேக்கிங் செய்யும் அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு குஞ்சுகள். நல்லூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுத் தெருவுக்கு சைக்கிளில் வந்தவரிடம் ஆஷா அழுது அடம்பிடித்து வாங்கியவை. அப்போது ரோஸ் சாயம் பூசி உருண்டையாக இருந்தவை, ஒன்றரை மாதத்தில் இறகு முளைத்து, இறக்கை நுனியில் மட்டும் ரோஸ் ஒட்டியிருக்க, கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தின. அந்தக் கத்தலைக் கேட்டுப் பதினோரு கோழிகளும் தின்பதை நிறுத்தின. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தன. பெட்டியைப் பார்க்கவில்லை, ஆஷாவைப் பார்த்தன.

முதல் கணவன் ராஜபாண்டி பல்லடம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு அனுசுயா பட்ட பாடு சொல்லி மாளாது. ஓவர்லாக் மெஷினில் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்திருக்க முடியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை பக்கத்து வீட்டுப் படியில் பசியோடு கிடக்கும். இது போதாதென்று ராஜபாண்டியின் தம்பி ஜெயபாண்டியும் தெற்கே சொந்த ஊரிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வான். "எங்க அண்ணன் புள்ளைய எங்ககிட்ட விட்ருங்க மதினி. நீங்க உங்க வழியப் பாருங்க." அதைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிடுவாள். ஆஷா இல்லாமல் அவளுக்கு ஒரு வழியும் கிடையாது. அந்த நேரத்தில்தான் அவள் வேலை பார்த்த பனியன் யூனிட்டுக்குத் துணி ரோல் கொண்டுவரும் மகுடேஸ்வரன் பேச ஆரம்பித்தான். நாற்பது வயது, கல்யாணமாகாதவன், அருள்புரத்தில் சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே மெஷின். அவன் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பாவுக்கு எத்தன வயசுங்க?" என்பதுதான். மற்ற ஆண்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தவளுக்கு அது நெஞ்சை நனைத்துவிட்டது. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போடும் முன்பு அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"ஊட்டுல எங்கக்கா சொல்றதுதானுங்க சட்டம். பாப்பா அங்க ஒட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் நம்ம கூடத்தான். ஒட்டலீன்னா ஆஸ்டல்ல உட்டரலாம்."

எப்பாடுபட்டாவது ஒட்டவைத்துவிட வேண்டும் என்று அனுசுயா அந்த நிமிடமே முடிவுசெய்தாள்.

அந்த அக்காதான் சின்னாத்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, நீண்ட கழுத்து, குரலை உயர்த்தத் தெரியாத பெண். கணவனின் அக்காவை நங்கை என்று கூப்பிட வேண்டும் என மகுடேஸ்வரன் சொல்லித்தந்திருந்தான். வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்: மகுடேஸ்வரனின் அண்ணன் லிங்கசாமி, அவருடைய மகள் தரணி. தரணிக்குப் பதினோரு வயது. அவளுடைய அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை, சுவரில் படமும் இல்லை. அனுசுயாவும் கேட்கவில்லை.

ஆஷா பெட்டியைக் கவிழ்க்கப் போனாள். சின்னாத்தாள் அவள் கையை மெதுவாகப் பிடித்தாள்.

"அப்புடியே உட்டுப்போடாத கண்ணு, கொத்திக் கொன்னுபோடும். எல்லாம் ஒரு மொறையாப் பண்ணோணும். மொதல்ல கம்பி வலைக்குள்ள போட்டு அதுக பக்கத்துல வெச்சரோணும். பத்து நாளைக்கு அதுக இதுகளப் பாக்கட்டும், இதுக அதுகளப் பாக்கட்டும். பொறவு வாசம் ஒன்னாவோணும். அதுக்கும் பொறவு ஒரு நா நல்லா இருட்டுனதுக்கப்பறம், எல்லாத்துக்கும் நடுவுல கொண்டுபோயி ஒக்கார வெச்சரோணும். விடிஞ்சு பாத்தா எது புதுசு எது பழசுன்னு அதுகளுக்கே தெரியாது."

"பஞ்சாரத்துக்குள்ளயே வைப்பீகளா?" என்றாள் ஆஷா.

"பஞ்சாரமில்ல சாமி. கோழி அடைக்கிற கூட்டுக்கு இங்க கொடாப்புன்னு பேரு."

அனுசுயாவுக்கு நிம்மதியாக இருந்தது. குழந்தையிடம் இத்தனை பொறுமையாகப் பேசுகிறவள் அதை எப்படி வெறுப்பாள்.

ஆஷாவுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது. முன்பு நூல் கோன் அடுக்கி வைத்திருந்த அறையாம். அதற்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது, தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பி கிரில். உள்ளே புது மெத்தை, மின்விசிறி, பிளாஸ்டிக் பொம்மைகள், தண்ணீர் ஜாடி. எல்லாம் இருந்தது. கிரில் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"பூன வரும் அம்மிணி," என்றாள் சின்னாத்தாள், தாழ்ப்பாளைப் போட்டபடி.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நான்கு பேரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டிவி போடவில்லை. மெஷின் ஆயிலும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை பின்கட்டிலிருந்து வந்து கூடத்தை நிறைத்துக்கொண்டிருக்க, லிங்கசாமியும் சின்னாத்தாளும் மகுடேஸ்வரனும் தரணியும் வரிசையாக நாற்காலியில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கிரிலுக்குள் விளையாடும் குழந்தையை, அது எழுவதையும் குனிவதையும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. அரை மணி நேரம் கழித்து லிங்கசாமி எழுந்தார். மற்றவர்களும் எழுந்துபோனார்கள்.

"எம்மா, எல்லாரும் என்னையவே பாக்காக," என்றாள் ஆஷா கம்பி வழியாக. "பேசச் சொன்னா பேச மாட்டேங்காக."

"புதுசுல்ல. வெக்கப்படுதாக," என்றாள் அனுசுயா.

பத்து நாள்தானே என்று பொறுத்துக்கொண்டாள். அறைக்குள் தானும் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். "தாய் பக்கத்துல இருந்தா ஒட்டாது அம்மிணி," என்று சின்னாத்தாள் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் இன்னொன்றும் சொன்னாள். "அம்மா அம்மான்னு கூப்பிடறப்பவெல்லாம் அதுக்குப் பழைய ஊட்டு நெனப்பு வருது. நீயே அதக் கொஞ்சம் மாத்தி உட்டீன்னா நல்லாருக்கும்."

இங்கேதான் அனுசுயா அந்தத் தப்பைச் செய்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்கு வந்த புதிதில் அவளுடைய தெக்கத்திப் பேச்சைக் கேட்டு மெஷின் லைனே சிரித்திருக்கிறது. நாலு மாதத்தில் இந்த ஊர்ப் பேச்சைப் பேசப் பழகிய பிறகுதான் அவளுக்கு மரியாதை வந்தது. ஒட்டுவது என்றால் பேச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். மதியம் எல்லோரும் பின்கட்டில் இருக்கும் நேரத்தில் கிரில் ஓரமாக உட்கார்ந்து மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"இது ஒரு வெளையாட்டு. இந்த வீட்ல எல்லாரும் பேசுத மாதிரியே நீயும் பேசணும். எங்க, 'வாங்க அத்தே, சாப்புட்டீங்களா' சொல்லு."

"வாங்க அத்தே. சாப்புட்டீங்களா."

"எந்தங்கம். பெறகு, என்னைய அம்மான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா நீ தோத்துட்ட."

"அப்பம் என்னன்னு கூப்பிட?"

அனுசுயா கம்பி வழியாக மகளின் முடியை ஒதுக்கிவிட்டாள். "ஒண்ணுஞ் சொல்லிக் கூப்பிடாத. இன்னும் ஏழு நாள்தான்," என்றாள்.

ஆஷா கெட்டிக்காரி. எந்த விளையாட்டிலும் தோற்கப் பிடிக்காது. ஐந்தாம் நாள் வீட்டை ஊடு என்றாள். ஆறாம் நாள் பஞ்சாரத்தைக் கொடாப்பு என்றாள். ஏழாம் நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்து, "அம்மான்னு ஒரு தடவ சொல்லுடி," என்று அனுசுயாவே கெஞ்சினாள். ஆஷா வாயைத் திறந்தாள். யோசித்தாள். சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

விளையாட்டில் ஜெயிக்கப் பார்க்கிறாள், கள்ளி. அனுசுயா அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைக்காவிட்டால் அன்று அவளால் தூங்கியிருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் காலையில் சின்னாத்தாள் கோழிகள் அடையும் இடத்தில் விரித்திருந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்துவந்து, ஆறு குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் துடைத்தாள். இறகு, கழுத்து, வயிறு, காலிடுக்கு என்று ஓர் இடம் விடவில்லை. கடைசிக் குஞ்சைக் கீழே விட்டபோது அதன் இறக்கையில் ரோஸ் நிறம் இல்லை. அவற்றின் கத்தலும் நின்றிருந்தது. பிறகு கிரில் கதவைத் திறந்து ஆஷாவைக் கூட்டிப்போய் அரப்புப் பொடி தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். துவட்டுவதற்கு எடுத்த துண்டு ஈரமில்லாமல், மஞ்சளடித்து, கனமாக இருந்தது. அந்த வீட்டார் ராத்திரி சேர்ந்து போர்த்திப் படுக்கிற துணி அது, துவைக்காதது.

"நல்ல துண்டு இருக்கு நங்க, நான் எடுத்தாரேன்," என்றாள் அனுசுயா.

"இருக்கட்டும் அம்மிணி," என்றாள் சின்னாத்தாள். குழந்தையின் கழுத்தை, காதுமடலை, விரலிடுக்குகளை நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆஷாவின் உச்சந்தலையில் ஒரு வாசம் உண்டு. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஈரத் துணியோடு கையில் வாங்கியபோதே இருந்த வாசம். ஆறு வருடம் எத்தனை சோப்பு, எத்தனை எண்ணெய் மாறியும் அடியில் அது மட்டும் மாறாமல் இருந்தது. ராஜபாண்டி செத்த அன்று ராத்திரி முழுக்க அதை முகர்ந்துகொண்டுதான் அனுசுயா உயிரோடு இருந்தாள். அன்று மதியம் கம்பிக்கிடையில் முகத்தை அழுத்தி மகளின் தலையை முகர்ந்தாள். மெஷின் ஆயில் வாடை வந்தது. கோழி இறகின் வெதுவெதுப்பான, பொடி பறக்கும் வாடை வந்தது. அதற்கடியில் தேடினாள். மறுபடியும் தேடினாள். எதுவும் இல்லை.

அவள் கம்பியை விட்டு எழுந்தாள். கூடத்தின் மூலையில் பாயில் தரணி பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. அனுசுயா குனிந்து கேட்டாள்.

"மம்மீ," என்றாள் தரணி தூக்கத்தில். "மம்மீ, பியாஸ் லகீ ஹை."

மெஷின் லைனில் பீகார்ப் பெண்களுக்கு நடுவே வருடக்கணக்கில் உட்கார்ந்தவளுக்கு அது புரியாமலா போகும். தாகமாக இருக்கிறது, அம்மா. அனுசுயா அந்தப் பெண்ணை உலுக்கி எழுப்பினாள்.

"நீ எந்த ஊரு பாப்பா? உங்கம்மா எங்க?"

தரணி தலையைச் சாய்த்தாள். தூக்கக் கலக்கமே இல்லாத ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"நா இந்த ஊட்டுலயே பொறந்தவங்க," என்றாள். "அம்மான்னு இங்க ஆரும் இல்லீங்க."

அதற்குமேல் அனுசுயா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள், ஆஷாவின் கையைப் பிடித்தாள், பையை எடுக்கக்கூட நிற்காமல் முன்வாசலுக்கு வந்தாள். கேட் திறந்துதான் கிடந்தது. படியில் சின்னாத்தாள் மூலனூர் முருங்கைக்காயை ஒடித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போறதுன்னா போ அம்மிணி. அது வருதான்னு மட்டும் பாத்துக்க."

ஆஷா வரவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். அனுசுயா இழுத்தாள். அந்தச் சின்ன உடம்புக்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "ஆஷா, கண்ணு, அம்மா கூட வாடி, ஜெயபாண்டிச் சித்தப்பா வீட்டுக்குப் போவோம்." ஆஷாவின் பார்வை பின்வாசலை நோக்கியிருந்தது. "நாளைக்கு எல்லாரோடயும் உடுவாங்களாமுங்க," என்றாள். "நா இருக்கோணுமுங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் பல்லடம் பஸ் ஒன்று நிறைய ஆட்களோடு போனது. அதில் ஏறினால் எங்கே இறங்குவது? நல்லூர் அறைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. வேலையை அவளே விட்டுவிட்டாள். குழந்தையைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனாலும் போய்ச் சேரும் இடம் ஜெயபாண்டி வீடு. அங்கே பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைப் படியோடு அனுப்பிவிடுவார்கள். எப்படிப் போனாலும் ஆஷா கையை விட்டுப் போகிறாள். இங்கே இருந்தால் ஒரே வீட்டிலாவது இருக்கலாம். அந்தக் கணக்கில்தான் அவள் அடங்கிப்போனாள். படியில் உட்கார்ந்து, சின்னாத்தாளின் முருங்கைக்காய் வாசமடிக்கும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சேந்துட்டா பெறகு புள்ளைய வெளிய எங்கயும் அனுப்பிர மாட்டீங்கல்ல நங்க?"

"அனுப்பவே மாட்டோம்," என்றாள் சின்னாத்தாள். அவள் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "இந்த ஊட்ட உட்டு அது எங்கயும் போகாது. சத்தியம்."

மறுநாள் பொழுது இறங்கியதும் லிங்கசாமி பின்கட்டுக்குப் போய் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆபரேட்டர்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்த உறுமல் நின்றதும்தான் அந்த வீடு எத்தனை நிசப்தமானது என்பது அனுசுயாவுக்குத் தெரிந்தது. விளக்குகளையும் அணைத்தார்கள். இருட்டில் சின்னாத்தாள் கம்பி வலைக்குள் கைவிட்டு ஆறு குஞ்சுகளையும் எடுத்து, கொடாப்புக்குள் பெரிய கோழிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒரு கோழியும் கொக்கரிக்கவில்லை. பிறகு உள்ளே வந்தாள். கிரில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னக் காலடிகள் கூடத்தைக் கடந்து, அந்த வீட்டார் சேர்ந்து படுக்கிற பின்னறைக்குள் போயின. இந்தப் பத்து நாளும் அனுசுயாவோடு முன்னறையில் படுத்திருந்த மகுடேஸ்வரனும் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனான்.

"விடியற வரைக்கும் வந்து பாக்காத அம்மிணி," என்றது சின்னாத்தாளின் குரல். "பாத்தா கெட்டுப்போகும்."

பின்னறையின் தாழ்ப்பாள் விழுந்தது.

அனுசுயா முன்னறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துணி உரசும் ஓசை. ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு படுக்கிற மாதிரி. பிறகு ஒரு தாழ்ந்த முனகல் ஆரம்பித்தது. அடையில் உட்கார்ந்த கோழி தொண்டைக்குள்ளேயே போடும் கர்ர்ர் என்ற அந்தச் சத்தம். ஆனால் அது கொடாப்பிலிருந்து வரவில்லை. பின்னறையிலிருந்து வந்தது. ஒரு தொண்டை. இரண்டு. மூன்று. நான்கு. சுவரில் சாய்ந்திருந்த அவள் முதுகில் அது அதிர்ந்தது.

காதைப் பொத்திக்கொண்டாள். ஆஷா அழுதால் கேட்காமல் போய்விடுமே என்று கையை எடுத்தாள். ஆஷா அழவில்லை. அழுதால் போதும், கதவை உடைத்துவிடுவேன் என்று இருந்தாள். அழு. ஒரே ஒரு தடவை அழு. அம்மா என்று கூப்பிடு.

ஐந்தாவது தொண்டை சேர்ந்துகொண்டது. மெல்லியது. சின்னது.

அவள் எழுந்து ஓடினாள். கதவை அடித்தாள். கையால் அடித்தாள், தோளால் இடித்தாள், தலையால் மோதினாள். "நங்க, திறங்க. எனக்கு வேண்டாம். நான் புள்ளைய ஊருக்கே அனுப்பிருதேன். ஆஸ்டலுக்கே அனுப்பிருதேன். திறங்க." முனகல் நிற்கவில்லை, கூடவுமில்லை. "ஆஷா, வெளையாட்டு முடிஞ்சு போச்சுடி. நீ ஜெயிச்சுட்ட. என்னையக் கூப்பிடு."

யாரும் கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் அந்தக் கதவடியில் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சன்னல் வெளுத்தது. முனகல் நின்றது.

கதவு திறந்தது.

லிங்கசாமி வந்தார். அவளைத் தாண்டிப் போனார். சின்னாத்தாள் வந்தாள். மகுடேஸ்வரன். தரணி. அவர்களுக்குப் பின்னால், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு, ஆஷா.

"ஆஷா."

குழந்தை நின்றது. தலையைச் சாய்த்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கண்ணில் கோபம் இல்லை. பயம் இல்லை. அவளைத் தெரிந்த அடையாளமும் இல்லை.

"ஆருங்க அத்தே இவிய?"

"தெரீலயே கண்ணு," என்றாள் சின்னாத்தாள்.

அனுசுயா மகுடேஸ்வரனைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவன். அவனும் அப்படித்தான் பார்த்தான். சாய்ந்த தலை, ஒற்றைக் கண்.

முட்டி போட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்கு இன்னும் ஒரு வழி பாக்கியிருந்தது.

"என்னையும் சேத்துக்கிடுங்க நங்க. கம்பிக்குள்ள போடுங்க. பத்து நாளில்ல, பத்து மாசம் போடுங்க. அந்தத் துணியால துடைங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். என் பேச்ச மாத்திக்கிடுதேன். எம்புள்ள கூட இருந்தாப் போதும்."

சின்னாத்தாள் அவள் கூப்பிய கைகளைப் பிரித்துக் கீழே இறக்கினாள்.

"பெருசுகள நாங்க சேத்தறதில்ல அம்மிணி," என்றாள் வருத்தமாக. "அதுக ஒட்டாது."

பிறகு ஆஷா ஓரடி முன்னால் வந்தாள். இன்னோரடி. அனுசுயா கைகளை விரித்தாள். அவளால் விரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆஷா நெருங்கி வந்து, குனிந்து, அவள் கழுத்தை முகர்ந்தாள். காதோரம் முகர்ந்தாள். முடியை முகர்ந்தாள். மூச்சு சூடாகப் பட்டது. கண்டுபிடித்துவிடுவாள். என் வாசம் அவளுக்குத் தெரியும். எம்புள்ளைக்குத் தெரியும்.

ஆஷாவின் கழுத்து பின்னால் போனது.

முதல் கொத்து புருவத்தில் விழுந்தது. பல். அந்தச் சின்னப் பல்.

சூடாக எதுவோ வழிந்து கண்ணை மறைத்தது. மறைத்த கண்ணுக்கு அப்பால் மற்ற நாலு பேரும் மெல்ல, சத்தமே இல்லாமல், நெருங்கி வருவது தெரிந்தது. கையைத் தூக்கினால் தடுத்துவிடலாம். ஆறு வயதுக் குழந்தை, ஒரு தள்ளு தள்ளினால் போதும். அனுசுயா கையைத் தூக்கினாள். அந்தக் கை ஆஷாவின் முதுகைத்தான் அணைத்தது. தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஆஷா மறுபடியும் கழுத்தைப் பின்னால் இழுத்தாள்.